துக்க வீட்டில் மட்டும் வந்த படம்

பெட்டியின் பிளக்கைப் பிடுங்காதீர்கள், பிடுங்காதீர்கள் என்று லயம் லயமாகப் போய்ச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிப்போயிருந்த வாரம் அது. நான் கேபிள்காரன். அக்கரப்பத்தனையிலிருந்து டயகம போகிற பாதையை ஒட்டிய தேயிலைத் தோட்டங்களின் லயங்களுக்கு, ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு, மரத்திலும் கம்பத்திலும் வயரைக் கட்டி இழுத்து, வீட்டுக்கு வீடு படம் வரச் செய்கிறவன். டவுனில் இருக்கிற கேபிள் ஒபிசிலிருந்து போன் வந்திருந்தது. எல்லா டிஜிட்டல் பெட்டிகளுக்கும் புது சொப்ட்வெயார் அனுப்பப் போகிறார்களாம். செவ்வாய்க்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை பகல் வரைக்கும் கேபிளில் வருமாம். அதற்குள் ஏறாத பெட்டியில் படம் நின்றுவிடுமாம். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்கள். மழையில் நனைந்துகொண்டு மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கியது நான்.

"படம் வர்ற வயருல சொப்ட்வெயார் எப்புடிங்க வரும்?" என்று கேட்காத வீடில்லை. முதல் இரண்டு மூன்று வீட்டில் படித்தவன் மாதிரி விளக்கப் பார்த்தேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. எனக்கே பாதிதான் விளங்கியிருந்தது. பிறகு தேரைச் சொன்னேன். திருவிழாவுக்கு நம்ம சாமி தேர் லயம் லயமாகச் சுற்றி வருகிறதல்லவா, அந்த மாதிரி. சொப்ட்வெயாரைத் துண்டு துண்டாக்கி, படத்தோடு படமாக வயருக்குள் விட்டுவிடுவார்கள். அது சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். பெட்டி விழித்திருந்தால் ஒவ்வொரு துண்டாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். விட்டுப்போனதை அடுத்த சுற்றில் பிடிக்கும். எல்லாம் சேர்ந்ததும் தானாக ஒருமுறை அணைந்து எழும்பும். நடுவில் பிளக்கைப் பிடுங்கினால் பிடித்ததெல்லாம் போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏறிக்கொண்டிருக்கும்போது பெட்டியின் விளக்கு மினுங்கும், ஏறி முடிந்தால் பச்சையாக நின்று எரியும். டீவியை அணைத்துக்கொள்ளுங்கள், பெட்டியை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன்.

தேர் விளங்கியது. பிளக் விளங்கவில்லை. எங்கள் ஆட்களுக்குப் பிளக்கைப் பிடுங்குவது ஒரு வியாதி. மின்னல் வெட்டினால் பிடுங்குவார்கள். மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகும்போது பிடுங்குவார்கள். படுக்கப் போகும்போது சாமி கும்பிடுகிறார்களோ இல்லையோ, பிளக்கைப் பிடுங்குவார்கள். கீழ் லயத்துப் பெரியவர் ஒருவர், "நான் தூங்கயில அது மட்டும் எதுக்கு தம்பி முழிச்சிக்கிட்டு இருக்கணும்?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு, "ஒங்களுக்குக் காவலுக்குத்தாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மற்றவர்களுக்கு ஏறுகிறதோ இல்லையோ, என் வீட்டுப் பெட்டிக்கு ஏறியாக வேண்டும் என்று இருந்தேன். காரணம் என் பெஞ்சாதி.

அவளுக்கு வயிற்றில் கட்டி. கொழும்புப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்து எல்லாம் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆசைப்பட்டதைக் கொடுக்கலாம்தான். ஒரு வாய்க் கஞ்சிகூட உள்ளே நிற்கவில்லையே! மலையில் முதல் ஆளாகத் தேயிலை நிரை பிடித்து ஏறுகிறவள், மழையென்றும் பாராமல் கூடை நிறைத்துக்கொண்டு வருகிறவள், கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. லயத்தில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு அறை, காம்பரா என்போம். அதற்குள் நானும் அவளும் டீவியும்தான்.

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. சாயங்காலம் ஓடுகிற ஒரு தொடர் நாடகம். அதில் ஒரு மாமியார்க்காரி, பொய்ப் பழி போட்டு மருமகளை வீட்டைவிட்டுத் துரத்திவிடுகிறாள். அந்த மருமகள் வருஷக்கணக்காக அழுகிறாள். என் பெஞ்சாதியும் மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டிய ஈரச் சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்காமல் நின்றபடியே பார்த்து, கூடச் சேர்ந்து வருஷக்கணக்காக அழுதிருக்கிறாள். எனக்கு அந்த நாடகத்தைக் கண்டாலே ஆகாது. "ஊருக்கெல்லாம் நாடகத்தக் கொண்டாந்து குடுத்துட்டு, வீட்டுல மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கிறாரு மனுசன்" என்று கேலி செய்வாள். அது முடியப் போகிறது, வருகிற வெள்ளிக்கிழமை கடைசி என்று விளம்பரம் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"ஏங்க, அந்தச் சிறுக்கி மாமியா மாட்டிக்கிட்டு முழிக்கிறத ஒரே ஒரு தடவ பாத்துட்டாப் போதுங்க. நிம்மதியா கண்ண மூடிருவேன்" என்றாள்.

"வாயக் கழுவு. கண்ண மூடுறாளாம்!" என்று கத்தினேன்.

கத்தினேனே தவிர எனக்குத் தெரியாதா? நான் அவளுக்குக் கட்டிக் கொடுத்தது ஒன்றும் இல்லை, கண்டி தலதா மாளிகை, கதிர்காமம் என்று கூட்டிப் போய்க் காட்டியதும் இல்லை. அந்த வெள்ளிக்கிழமையையாவது காட்டிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பெட்டியின் விளக்கு மினுங்கத் தொடங்கியது. "இந்தா பாரு, வருது" என்று அவளுக்குக் காட்டினேன். எங்கள் லயம் வயரின் கடைசியில் இருக்கிறது. சிக்னல் அங்கே வந்து சேர்வதற்குள் சோர்ந்துபோகும். மெதுவாகத்தான் ஏறும், இருந்தாலும் அடுத்த நாளைக்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அன்று மத்தியானம் பக்கத்துக் காம்பரா அண்ணன் செத்துப்போனார். மலையிலிருந்து வந்து, தேத்தண்ணி கேட்டுவிட்டு, அது கைக்கு வருவதற்குள் அப்படியே சாய்ந்துவிட்டார். திருவிழா என்றால் தேருக்கு முன்னால் நிற்கிற மனுஷன், யாருக்கு ஒன்று என்றாலும் முதலில் ஓடுகிறவர். தோட்டமே அலறிக்கொண்டு கூடிவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். சாவு விழுந்துவிட்டால் எந்த வீட்டிலும் டீவி போடுவதில்லை. அடக்கம் முடிந்து, மறுநாள் காலை குழிமேட்டில் பால் தெளித்துவிட்டு வரும்வரைக்கும் ஒரு வீட்டிலிருந்தும் சத்தம் வெளியே வராது. அதை நான் குறை சொல்ல மாட்டேன், நல்ல வழக்கம்தான். ஆனால் டீவி வேறு, பெட்டி வேறு என்று நான் தொண்டை கிழியச் சொன்னதை யார் காதில் வாங்கினார்கள்? பெட்டியில் விளக்கு எரிந்தால் டீவி ஓடுகிறது என்றுதான் எங்கள் ஆட்களுக்குக் கணக்கு. துக்கத்துக்கு மரியாதை என்று வீட்டுக்கு வீடு பிளக்கைப் பிடுங்கினார்கள். மேல் லயம், கீழ் லயம், தோட்டம் முழுக்கப் பிடுங்கினார்கள்.

என் வீட்டில் மட்டும் நான் பிடுங்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒப்பாரி எழும்பியபோது, என் பெஞ்சாதி கட்டிலில் கிடந்தபடி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத நிப்பாட்டுங்க."

"டீவி நிப்பாட்டித்தானே இருக்கு. பொட்டிதான் எரியுது. அது எரிஞ்சாத்தான் ஒனக்கு வெள்ளிக்கெழம நாடகம்."

"செவத்துக்கு அந்தப் பக்கம் அண்ணன் பொணமாக் கெடக்காரு. இந்தப் பக்கம் நம்ம வீட்டுல லைட்டு மினுக்கிக்கிட்டு இருக்கணுமா? அவரு பொஞ்சாதி, அந்த அக்கா, எனக்கு எத்தன தடவ கஞ்சி காச்சிக் கொண்டாந்து ஊட்டியிருக்கு. புடுங்குங்க."

"நீ என்னா மனுசிடி! ஒனக்காகத்தானே நான்..." என்றேன்.

"புடுங்குங்கன்னா புடுங்குங்க."

பிடுங்கினேன். அவள் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டு, அந்த ஒப்பாரியோடு சேர்ந்து சத்தமில்லாமல் அழுதாள். நான் வெளியே போய் மழையில் நின்றேன்.

சொந்தக்காரர்கள் தூரத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் வர வேண்டியிருந்ததால் வியாழக்கிழமைதான் அடக்கம். வெள்ளிக்கிழமை காலை பால் தெளித்துவிட்டு வந்து, கால்கூடக் கழுவாமல் பிளக்கைப் போட்டேன். விளக்கு மினுங்கியது. கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன். பகலானதும் மினுங்கல் நின்றது. டீவியைப் போட்டால் கறுப்புத் திரையில் இரண்டு வரி. சொப்ட்வெயார் பழையது, உங்கள் கேபிள்காரரைத் தொடர்புகொள்ளவும். கேபிள்காரனுக்கே அந்த வரி!

எங்கள் லயத்தில் போன் பேச வேண்டுமென்றால் பின்பக்கத்துப் பெரிய கல்லின்மேல் ஏறி நிற்க வேண்டும். போனிலேயே நாடகம் பார்த்திருக்கலாமே என்று யாராவது கேட்டால் அந்தக் கல்லுக்கு அனுப்பிவைப்பேன். ஏறி நின்று ஒபிசுக்குப் போன் பண்ணினேன். இன்னும் ஒரு தடவை விடுங்கள், கொஞ்ச நேரம் விட்டால் போதும் என்று கெஞ்சினேன். முடியாது, திங்கட்கிழமை பெட்டியைக் கொண்டுவந்தால் கையால் ஏற்றித் தருகிறோம் என்று சிங்களத்தில் சொன்னார் ஒருவர். வீட்டில் நோயாளி இருக்கிறாள் என்றேன். திங்கட்கிழமை என்றார். சிங்களத்தில் ஏசினேன். தெரிந்த ஏச்செல்லாம் தீர்ந்துபோனதும் தமிழில் ஏசினேன். அந்தப் பக்கம் எப்போதோ போனை வைத்துவிட்டார்கள்.

கடைவீதியில் சொப்ட்வெயார் ஏறிய பெட்டி இருக்கும், யாரிடமாவது இரவல் வாங்கலாம். ஆனால் நாலு கட்டை, அதாவது நாலு மைல் தூரம். மழைக்குப் பாதையில் மண் இறங்கி பஸ்ஸும் ஓடவில்லை. அவளுக்கு அன்று காலையிலிருந்தே மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. அந்த நிலையில் அவளை விட்டுவிட்டு வாசலைத் தாண்ட எனக்குக் கால் வரவில்லை.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலையில் பால் செம்பு எடுக்கத் துக்க வீட்டுக்குள் போனேன். டீவியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்து வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். பெட்டி மட்டும் அலமாரிக்கு மேலே, சாமிப் படங்களுக்குப் பின்னால். அண்ணன் சாய்ந்த பதற்றத்தில் அதை யார் நினைத்தார்கள்? படத்தின் ஓரமாகப் பச்சை வெளிச்சம் நின்று எரிந்தது. கண் பார்த்தது, மண்டையில் ஏறவில்லை. தோட்டம் முழுக்க மரியாதைக்குப் பிளக்கைப் பிடுங்க, செத்த வீட்டில் மட்டும் பிடுங்க மறந்திருக்கிறார்கள். அங்கே மட்டும் ஏறியிருக்கிறது.

மனம் கேட்காமல் அவளிடம் சொல்லிவிட்டேன். கட்டிலில் எழும்பி உட்கார முடியாதவள், எழும்பி உட்கார்ந்தாள்.

"வெக்கமா இல்ல ஒங்களுக்கு? புருசன் குழிக்குள்ள போயி ஒரு நா ஆகல. அந்த வீட்டுல போயி நாடகம் போடுங்கன்னு கேப்பீங்களா? கேட்டுட்டு வந்தீங்க, சாகிற வரைக்கும் ஒங்ககூடப் பேச மாட்டேன்."

"கேக்கல தாயே, கேக்கல. படு."

லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து நூறாயுசு சொல்வார்கள். நாங்கள் பேசி முடித்ததும் அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. அழுது அழுது அடைத்துப்போன குரல்.

"தம்பி, புள்ளய இங்கிட்டுத் தூக்கிட்டு வாங்க."

என் பெஞ்சாதியைத்தான் அக்கா புள்ள என்பாள். அதற்குள் அண்ணனின் தங்கச்சி, வேறு தோட்டத்திலிருந்து துக்கத்துக்கு வந்து தங்கியிருந்தவள், குரலை உயர்த்தினாள்.

"என்னாங்க அண்ணி, செத்த வீட்டுல நாடகமா? ஊரே காறித் துப்பும்."

"துப்பட்டும். என் வீட்டுச் சாவு, என் புருசன். அந்த மனுசன் இருந்திருந்தா இந்நேரம் அவரே போயித் தூக்கிட்டு வந்திருப்பாரு."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "பொட்டிய மட்டும் குடுங்கக்கா, இங்கயே மாட்டிக் காட்டிட்டுத் தந்துர்றேன்" என்றேன்.

"கருமாதி முடியாம இந்த வீட்டுலருந்து ஒரு துரும்புகூட வெளிய போகக்கூடாது தம்பி. ஆளு உள்ள வரலாம்ல? கூட்டிட்டு வாங்க."

நோயாளி செத்த வீட்டுக்குப் போகக்கூடாது என்பார்கள். அதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள் என் பெஞ்சாதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூக்குங்க. எனக்கு இனிமே புதுசா என்னா வந்துறப் போகுது" என்றாள். தூக்கினேன். ஒரு கூடைக் கொழுந்தின் பாரம்கூட இல்லை அவளிடம்.

அண்ணனின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாயில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவே எழும்பி வெள்ளைத் துணியை எடுத்து, டீவியைத் திருப்பி வைத்தாள். பிறகு என் பெஞ்சாதியை வாங்கித் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். நான் சத்தத்தைக் குறைத்துப் போட்டுவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தேன். அண்ணனின் தங்கச்சி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டவள், கொஞ்ச நேரத்தில் அரைவாசி திரும்பினாள், பிறகு முழுசாகவே திரும்பிவிட்டாள்.

அன்றைக்கு நானும் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் கூடியிருக்கிறார்கள். மாமியார்க்காரி வழக்கம்போல நீட்டி முழக்கிக்கொண்டிருக்கிறாள். அவள் செய்ததையெல்லாம் கண்ணால் பார்த்த பழைய வேலைக்காரி உள்ளே வருகிறாள். மாமியார்க்காரியின் முகம் வெளுக்கிறது. என் பெஞ்சாதி அக்காவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "மாட்டுனாடி!" என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அப்படி ஒரு குரல் வந்தது. வேலைக்காரி வாயைத் திறந்தாள். படம் அப்படியே நின்றது. அதன்மேல் எழுத்து ஓடியது. மாபெரும் முடிவு, திங்கட்கிழமை.

"நாசமாப் போறவனுங்க!" என்று முதலில் கத்தியது அண்ணனின் தங்கச்சிதான்.

எனக்கு அந்த டீவியைத் தூக்கி வெளியே வீச வேண்டும்போல இருந்தது. என் பெஞ்சாதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அக்கா நெஞ்சைத் தடவிக் கொடுத்தாள்.

"அவங்களுக்கு நாள் இருக்கு. இழுக்குறாங்க" என்றாள்.

"திங்கக்கெழமையும் வா புள்ள" என்றாள் அக்கா. "நான் துணி போட மாட்டேன். டீவிய இப்புடியே வச்சிருக்கேன்."

"வாரேங்க்கா."

அவளைத் தூக்கி வந்து கட்டிலில் கிடத்திப் போர்த்திவிட்டேன். என் கையை விடவில்லை.

"மாட்டியிருப்பாளாங்க?"

"மாட்டாம? நல்லா மாட்டியிருப்பா."

"நீங்க சும்மா சொல்லுவீங்க. கண்ணால பாத்தாத்தான்" என்றாள்.

சனிக்கிழமை முழுக்க அவளுக்குப் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்து வெயில் வந்த பிறகு போய்விட்டாள். அக்கா கருமாதி முடியாமல் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே என் பெஞ்சாதிக்கு ஒப்பாரி வைத்தாள். தன் புருஷனுக்கு வைத்ததைவிட அதிகமாக வைத்தாள் என்று லயத்தில் சொல்வார்கள். திங்கட்கிழமை அடக்கம். அன்று சாயங்காலம், தோட்டத்தில் படம் வரக்கூடிய ஒரே வீடான அக்கா வீட்டிலும் டீவி போடவில்லை.

அடுத்த வாரம் லயத்துப் பெட்டிகளையெல்லாம் இரண்டு சாக்கில் கட்டி டவுனுக்குக் கொண்டுபோய், சொப்ட்வெயார் ஏற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன். இப்போது எல்லா வீட்டிலும் படம் வருகிறது. அந்த நாடகத்தின் கடைசிப் பகுதியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள், தோட்டத்தில் பார்க்காதவர்கள் இல்லை. வயர் பார்க்கப் போகிற வீட்டில் தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு, "அந்த நாடகம் கடைசில எப்புடி முடிஞ்சிச்சி தெரியுங்களா?" என்று தொடங்குவார்கள். வேண்டாங்க, சொல்லாதீங்க என்று கிளாசை அப்படியே வைத்துவிட்டு எழும்பிவிடுவேன். பார்க்க ஆசைப்பட்டவள் பார்க்காமல் போய்விட்டாள். நான் தெரிந்துகொண்டு யாரிடம் போய்ச் சொல்ல?